கோடு மட்டும் காக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

பரபரப்பான சாலையை நடந்து கடப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலர் பொதுவாகக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்து இந்த இதழில் தருகிறோம். போக்குவரத்துப் பொறியியல் துறையில் பணியாற்றும் நமது கட்டுரையாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் முன்னால் நான்கு தடச் சாலை ஒன்று செல்கிறது. பலமுறை மனு கொடுத்த பிறகு ஜீப்ரா கோடுகள் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் எந்த வண்டியும் நிற்பதில்லை. அண்மையில் அந்தக் கோட்டின் மீதே ஒரு மூதாட்டி அடிபட்டார். "கோடு இல்லாதபோதாவது பயந்து பயந்து கடந்தோம், இப்போது அந்தப் பயமும் போய்விட்டது" என்று அக்கம்பக்கத்தினர் சொல்கிறார்கள். கோடு கேட்டதே தவறா?

பதில்: கேட்டது தவறில்லை. கோட்டோடு நின்றுபோனதுதான் தவறு. உங்கள் அக்கம்பக்கத்தினர் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் ஜெகீர் தலைமையிலான குழு ஒன்று, 30 நகரங்களில் சிக்னல் இல்லாத கடவைகளை, அதாவது நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடங்களை, எடுத்துக்கொண்டு, கோடு போட்ட 1,000 இடங்களையும், அவற்றோடு ஒத்த தன்மையுள்ள கோடு போடாத 1,000 இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. அதன் இறுதி அறிக்கை 2005இல் வெளிவந்தது. இரண்டு தடங்கள் மட்டுமே உள்ள சாலைகளில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விபத்து விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பல தடங்கள் கொண்டு, நடுவே உயர்த்திய மீடியன் (நடுத்திட்டு) இல்லாமல், நாளொன்றுக்குச் சுமார் 12,000 வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலைகளில், வேறு எந்த ஏற்பாடும் செய்யாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில் பாதசாரிகள் அடிபடும் விகிதம் கோடு போடாத இடங்களைவிட அதிகமாக இருந்தது. மீடியன் இருந்த சாலைகளில்கூட, வண்டிகளின் எண்ணிக்கை 15,000ஐத் தாண்டியபோது இதே நிலைமைதான்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், கோடு பாதசாரிக்குப் பொய்யான துணிச்சலைத் தருகிறது என்பது. இந்த விளக்கம் எனக்கு முழு நிறைவைத் தருவதில்லை, ஏனென்றால் இது பழியை நடப்பவர் மீதே சுமத்துகிறது. பல தடச் சாலையின் அமைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஓரத் தடத்தில் வரும் பேருந்து ஓட்டுநர், நல்ல மனத்தோடு, கோட்டின் அருகில் வந்து நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்கு நன்றி சொல்லும் முகத்தோடு பேருந்தின் முன்னால் நடக்கத் தொடங்குகிறீர்கள். அடுத்த தடத்தில் வரும் காரின் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிவதில்லை. உங்களுக்கு அந்தக் காரும் தெரிவதில்லை. இருவருக்கும் நடுவில் பேருந்து சுவராக நிற்கிறது. பேருந்தின் விளிம்பைத் தாண்டி நீங்கள் வெளிப்படும் அந்த நொடியில் காருக்கு நிறுத்த இடம் மிச்சம் இருப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வில், கோடு போட்ட இடங்களில் நடந்த மோதல்களில் 17.6 சதவீதம் இந்த வகையைச் சேர்ந்தவை. கோடு போடாத இடங்களில் இந்த வகை மோதல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. மரியாதையாக நிறுத்தும் ஒரு ஓட்டுநரே ஆபத்துக்குக் காரணமாகிவிடும் அவலம் இது.

ஆகவே கோட்டை அழித்துவிடலாமா என்றால், கூடாது. கோட்டை அழித்தாலும் மக்கள் அதே இடத்தில்தான் கடக்கப் போகிறார்கள். செய்ய வேண்டியது, கோட்டைச் சுற்றி மற்ற ஏற்பாடுகளைக் கேட்டுப் பெறுவது. முதலாவது, சாலையின் நடுவே உயர்த்திய திட்டு. நான்கு தடங்களும் சேர்ந்து 14 மீட்டர் அகலம் என்றால், நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவருக்குக் கடந்து முடிக்க ஏறக்குறைய 12 நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 160 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதாவது இரு திசைகளிலும் அவ்வளவு தூரம் காலியாக இருக்கும் ஒரு தருணத்துக்காக அவர் காத்திருக்க வேண்டும். பரபரப்பான நேரத்தில் அப்படியொரு தருணம் வராமலே போகலாம். நடுவில் திட்டு வந்துவிட்டால் ஒரு நேரத்தில் 7 மீட்டரை, ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடந்தால் போதும். தேவைப்படும் இடைவெளி பாதியாகிறது. கோடு போட்ட கடவையில் இத்தகைய உயர்த்திய மீடியன் அமைத்த இடங்களில் பாதசாரி விபத்துகள் 46 சதவீதம் குறைந்ததாக அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் மதிப்பிடுகிறது. திட்டு இரண்டு மீட்டராவது அகலம் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். குழந்தை வண்டியோடு நிற்பவரின் முன்சக்கரம் ஒரு பக்கமும் கைப்பிடி மறுபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய திட்டுகள் பயனற்றவை.

இரண்டாவது, வண்டிகள் நிற்க வேண்டிய நிறுத்தக்கோட்டைக் கடவையை ஒட்டிப் போடாமல், குறைந்தது ஆறு மீட்டருக்கு முன்னால், இயன்றால் பத்து மீட்டருக்கு முன்னால் போட வைப்பது. பேருந்து அவ்வளவு தள்ளி நின்றால், அதன் முன்னால் நடப்பவரை அடுத்த தடத்து ஓட்டுநர் பக்கவாட்டுக் கோணத்தில் பார்த்துவிட முடியும். வெறும் பெயின்ட் செலவில் முடிகிற வேலை இது. ஆயினும் பல இடங்களில் செய்யப்படுவதில்லை.

வண்டிகளின் எண்ணிக்கையும் வேகமும் மிக அதிகமாக இருந்தால் இவையும் போதாது. பாதசாரி பொத்தானை அழுத்தினால் சிவப்பு எரியும் சிக்னல்தான் வேண்டும். அமெரிக்காவின் டூசான் நகரில் உருவாகிப் பிறகு நாடெங்கும் பரவிய ஒரு வகைச் சிக்னல், யாரும் பொத்தானை அழுத்தாதபோது அணைந்தே இருக்கும். அழுத்தினால் மஞ்சள் மின்னிச் சிவப்புக்கு மாறும். வண்டிகளை வீணாக நிறுத்துவதில்லை என்பதால் அதிகாரிகளிடம் இதற்கு அனுமதி வாங்குவது சற்று எளிது. இதை அமைத்த இடங்களில் பாதசாரி மோதல்கள் ஏறக்குறைய 55 சதவீதம் குறைந்திருக்கின்றன.

கேள்வி: வேக வரம்பை 50இலிருந்து 30 ஆகக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது, "இருபது கிலோமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது, கவனமாக ஓட்டினால் போதாதா?" என்று ஒரு கூட்டத்தில் பதில் வந்தது. எங்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

பதில்: அடுத்த கூட்டத்துக்கு ஒரு சிறு கணக்கை எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் சாலையில் இறங்குவதைப் பார்த்து, ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இது விழிப்போடு இருக்கும் ஓட்டுநருக்கான தாராளமான கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8.3 மீட்டர் ஓடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தால் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் ஏறக்குறைய 13 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், அந்த ஒரு நொடியில் மட்டுமே 13.9 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆக, முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கியிருக்காது. 13 மீட்டர் தொலைவில் நிற்கும் குழந்தைக்கு, ஒன்று தொடாமல் நின்ற கார். மற்றொன்று முழு வேகத்தில் மோதும் கார். அந்த இருபது கிலோமீட்டரின் வித்தியாசம் இதுதான். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனத்தோடுதான் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரின் முன்பக்கம் மோதும் பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு, வேகம் 50இலிருந்து 65க்கு ஏறும்போது 4.5 மடங்காகிறது என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கே. உலகெங்கும் ஆண்டுதோறும் சாலைகளில் இறக்கும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேரில் 23 சதவீதத்தினர் நடந்து சென்றவர்கள்.

ஆனால் உங்கள் எதிர்த்தரப்புக்கு ஒரு விஷயத்தில் இடம் கொடுத்தாக வேண்டும். அகலமான, நேரான, வழுவழுப்பான சாலையில் 30 என்று பலகை மட்டும் நட்டால் யாரும் 30இல் ஓட்டப் போவதில்லை. ஓட்டுநரின் கால் பலகையைப் பார்ப்பதைவிடச் சாலையைத்தான் அதிகம் பார்க்கிறது. தடங்களைக் குறுக்குவது, கடவைக்கு அருகில் நடைபாதையைச் சாலைக்குள் சற்று நீட்டுவது, கடவையையே 7 முதல் 10 சென்டிமீட்டர் உயர்த்தி நீண்ட மேடை போல அமைப்பது ஆகியவற்றைப் பலகையோடு சேர்த்துக் கேளுங்கள். உயர்த்திய கடவையில் வண்டி தானாகவே வேகம் குறைக்கும். நடப்பவரும் ஏறி இறங்காமல் சமதளத்தில் கடப்பார். மழைநீர் வடிய வழி விடாமல் இதைக் கட்டினால் நடைபாதையோரம் குட்டை தேங்கி, மக்கள் அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்குவார்கள். திட்ட வரைபடத்தில் வடிகால் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வேகமாகச் செல்ல வேண்டிய பெருஞ்சாலையிலும், ஆம்புலன்ஸ் அடிக்கடி செல்லும் வழியிலும் உயர்த்திய கடவை பொருந்தாது.

கேள்வி: இத்தனை சிக்கல் எதற்கு? நடை மேம்பாலம் கட்டிவிட்டால் வண்டியும் நிற்க வேண்டாம், மனிதரும் அடிபட வேண்டாம் அல்லவா?

பதில்: காகிதத்தில் இதைவிடச் சிறந்த தீர்வு இல்லை. பாலத்தின் அடியில் மக்கள் ஓடிக் கடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் 1965இல் மூரும் ஓல்டரும் செய்த ஆய்வின்படி, சாலையில் நேராகக் கடப்பதற்கு ஆகும் அதே நேரத்தில் மேம்பாலத்தின் வழியாகவும் கடக்க முடிந்தால் சுமார் 70 சதவீதத்தினர் அதைப் பயன்படுத்தினார்கள். சுரங்கப்பாதையாக இருந்தால் 95 சதவீதத்தினர். பாலத்தின் வழி செல்ல ஒன்றரை மடங்கு நேரம் ஆகுமென்றால் ஏறக்குறைய ஒருவரும் அதில் ஏறவில்லை. தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரம் ஏறி இறங்கும் படிக்கட்டு, பெரும்பாலான இடங்களில் இந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள், முழங்கால் வலி உள்ளவர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் செல்பவர், இரவில் ஆளற்ற பாலத்தில் தனியாக ஏறத் தயங்கும் பெண் ஆகியோரை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். மின்தூக்கி வைத்தால் இதில் ஒரு பகுதி தீரும், அது ஓடிக்கொண்டிருக்கும் வரை. எட்டு அல்லது பத்து தட விரைவுச்சாலை, ரயில் பாதை போன்ற இடங்களிலும், நிலமே மேடு பள்ளமாக இருந்து பாலம் இயல்பாகவே நடைபாதை மட்டத்தில் அமையும் இடங்களிலும் மேம்பாலம் சரியான தேர்வு. ஊருக்குள் ஓடும் சாலைக்கு அதைப் பரிந்துரைப்பது, என் பார்வையில், வண்டிகளின் வேகத்தைத் தொடாமல் தப்பித்துக்கொள்ளும் வழி.

கேள்வி: சிக்னலில் பச்சை மனிதன் எரிந்து, என் தாயார் பாதித் தூரம் போவதற்குள் மின்னத் தொடங்கிவிடுகிறான். அவர் நடுச்சாலையில் திகைத்து நின்றுவிடுகிறார். அந்த நேரத்தை யார், எப்படி நிர்ணயிக்கிறார்கள்?

பதில்: முதலில் உங்கள் தாயாருக்கு ஒரு ஆறுதல்: பச்சை மின்னத் தொடங்குவதன் பொருள் "புதிதாக யாரும் இறங்க வேண்டாம்" என்பது, ஏற்கெனவே இறங்கியவர்கள் நடந்து முடிப்பதற்கான நேரம் அதற்குப் பிறகும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே மின்னத் தொடங்கியதும் நின்றுவிடாமலும், திரும்பாமலும், அதே நடையில் தொடர்வதே பாதுகாப்பானது.

அந்த மிச்ச நேரம் போதுமா என்பதுதான் கேள்வி. சாலையின் அகலத்தை ஒரு நடை வேகத்தால் வகுத்து நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். நீண்ட காலம் நொடிக்கு 1.2 மீட்டர் என்ற வேகமே வழக்கத்தில் இருந்தது. முதியவர்கள் பலர் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை என்பதை ஏற்று, சாலைக் குறிகள், சிக்னல்களுக்கான அமெரிக்கக் கையேடு 2009இல் இதை ஏறக்குறைய 1.07 மீட்டராகக் குறைத்தது. கோல் ஊன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு, 14 மீட்டர் சாலையைக் கடக்க 17.5 நொடிகள் தேவை, 1.2 மீட்டர் கணக்கில் அவருக்குக் கிடைப்பது 12 நொடிகள்கூட இல்லை. சிங்கப்பூர் 2009இல் ஒரு நல்ல வழி கண்டது. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 நொடிகள் வரை பச்சை நேரம் கூடுகிறது. எல்லாச் சுழற்சியிலும் நேரத்தை நீட்ட முடியாது என்று மறுக்கும் அதிகாரிக்குக் காட்டத் தகுந்த உதாரணம் இது. கடப்பவர் இன்னும் சாலையில் இருக்கிறாரா என்பதை உணர்கருவி பார்த்து நேரத்தை நீட்டும் சிக்னல்களும் பிரிட்டன் போன்ற நாடுகளில் உள்ளன.

சந்திப்புகளில் இன்னொரு மாற்றத்தையும் கேட்கலாம். பாதசாரிகளுக்கான பச்சையை, அதே திசையில் செல்லும் வண்டிகளுக்கான பச்சைக்கு மூன்று முதல் ஏழு நொடிகள் முன்னதாகவே எரியச் செய்வது. திரும்புகிற வண்டிகள் நகர்வதற்குள் நடப்பவர் கடவையின் நடுவே, கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடுவார். கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, சிக்னலின் நேர அமைப்பை மாற்றினால் போதும்.

காத்திருக்கும் நேரமும் இதே அளவு முக்கியமானது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வைத்தால் மக்கள் பொறுமை இழந்து சிவப்பிலேயே இறங்கத் தொடங்குகிறார்கள் என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் நன்கு அறிந்த செய்தி. இரண்டு நிமிடங்கள் காக்க வைத்துவிட்டு, ஒழுங்கில்லாத மக்கள் என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

கேள்வி: மேலே மிதப்பது போலத் தோன்றும் முப்பரிமாணக் கோடுகளைப் படங்களில் பார்த்தேன். எங்கள் பகுதிக்கும் கேட்கலாமா?

பதில்: 2017இல் ஐஸ்லாந்தின் இசாஃபியோர்தூர் என்ற சிற்றூரில் குறுகிய தெரு ஒன்றில் வரையப்பட்டு உலகப் புகழ் பெற்றவை அவை. பார்க்க அழகாக இருக்கும். அந்த வழியே தினமும் செல்லும் ஓட்டுநருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். புதிதாக வருபவர் பதறிச் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் வருபவர் மோதுவார். அந்தப் பெயின்ட்டை நான் மேலே சொன்ன நிறுத்தக்கோட்டுக்குச் செலவிடச் சொல்வேன்.

கேள்வி: பகலில் தெளிவாகத் தெரியும் கடவை, இரவில், அதிலும் மழை பெய்யும்போது மறைந்தே போகிறது. அருகில் தெருவிளக்கு இருந்தும் ஏன் இப்படி?

பதில்: இதில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கலாம். ஒன்று, கோடு போடப் பயன்படுத்திய பொருள். சாதாரணப் பெயின்ட் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக்கில், மேலே நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவியிருந்தால், வண்டியின் முகப்பு விளக்கு ஒளியை அவை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மழையில் மணிகளின் மேல் நீர்ப்படலம் மூடிக்கொள்ளும்போது அந்த ஒளி சிதறிப்போகிறது. தூவிய மணிகள் உதிர்ந்துவிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது குறை விளக்கின் இடம். ஓட்டுநர் பார்க்க வேண்டியது கோட்டை மட்டுமன்று, அதன் மீது நடக்கும் மனிதரை. விளக்கு கடவைக்கு நேர் மேலேயோ, அதற்கு அப்பாலோ இருந்தால், தரை ஒளிரும். மனிதர் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு கரிய நிழலாகத் தெரிவார், அடர்நிற உடை அணிந்திருந்தால் அதுவும் தெரியாது. வண்டி வரும் பக்கத்தில், கடவைக்குச் சில மீட்டர் முன்னால் விளக்குக் கம்பம் நின்றால் ஒளி அவர் மீது நேராக விழும். இரு திசைகளிலும் வண்டிகள் வரும் சாலைக்கு, இந்தக் கணக்கில் இரண்டு கம்பங்கள் வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிற்பவரின் உடல் மீது 20 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி விழ வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டியின் பரிந்துரை. அளவுகருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரவில் ஒருவரைக் கடவையின் தொடக்கத்தில் பாதுகாப்பாக நிற்க வைத்து, வண்டி வரும் திசையில் நடைபாதையில் ஐம்பது மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். அவருடைய முகம் தெரிகிறதா, வெறும் உருவம் தெரிகிறதா, அதுவும் தெரியவில்லையா என்பது விடை சொல்லிவிடும்.

கேள்வி: நான் பார்வையற்றவன். வண்டிகளின் ஓசையை வைத்துச் சாலையைக் கடந்து பழகியவன். இப்போது மின்சார வண்டிகள் பெருகிவிட்டன. என்னைப் போன்றவர்களுக்கு எந்த ஏற்பாட்டைக் கேட்க வேண்டும்?

பதில்: மின்சார வண்டிகள் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும் என்ற விதி பல நாடுகளில் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் புதிய வகை வண்டிகளுக்கும், 2021 முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய மின்சார, கலப்பின (ஹைப்ரிட்) வண்டிகளுக்கும் இது கட்டாயம். அந்தக் குறைந்த வேகத்தைத் தாண்டினால் சக்கரங்களின் உராய்வே கேட்கும் என்பது இதன் அடிப்படை. ஆனால் பரபரப்பான சாலையின் இரைச்சலில் ஒரு தனி வண்டியின் ஒலியை நம்பிக் கடப்பது எவருக்கும் பாதுகாப்பன்று. உங்களுக்குத் தேவை, கடக்கும் நேரம் இது என்று ஒலியாலும் அதிர்வாலும் சொல்லும் சிக்னல்.

அதோடு தொடுதரை ஓடுகளைக் கேளுங்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை அவை. நீளக் கோடுகள் உள்ள ஓடு நடக்க வேண்டிய திசையைக் காட்டும், புள்ளிகள் உள்ள ஓடு நிற்கச் சொல்லும். சக்கர நாற்காலிக்காக நடைபாதை விளிம்பைச் சரிவாக இறக்கும் இடங்களில் புள்ளி ஓடு இல்லாவிட்டால், நடைபாதை முடிந்து சாலை தொடங்குவதைக் காலால் உணர முடியாது. ஒருவருக்குச் செய்த நன்மை மற்றவருக்குத் தீங்காகும். திசை ஓடுகள் மின்கம்பத்தில் போய் முட்டி நிற்பதையும், அழகுக்காகக் கோணலாகப் பதிக்கப்பட்டிருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். எனவே பணி முடிந்ததும் ஒப்பந்ததாரர் கிளம்புவதற்கு முன், உங்களைப் போன்ற ஒருவர் நடந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பணியை ஏற்க வேண்டும் என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

கேள்வி: நான் தினமும் கார் ஓட்டுபவன். கடவையில் நிறுத்தினால் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார், பக்கத்தில் வருபவர் முந்திச் செல்கிறார். கைபேசியைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வருபவர்களும் உண்டு. எல்லாப் பொறுப்பும் ஓட்டுநருக்கு மட்டும்தானா?

பதில்: பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு, ஆனால் விளைவு இரு தரப்புக்கும் ஒன்றல்ல என்பதால் பொறுப்பும் சமமாக இருக்க முடியாது. நீங்கள் நிறுத்துவது நல்ல செயல், அதை விட்டுவிடாதீர்கள். கடவை கண்ணில் பட்டவுடனே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தால், உங்கள் பிரேக் விளக்கு பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே செய்தி சொல்லும். கோட்டை ஒட்டிப் போய் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கையை அசைத்து "நீங்கள் போங்கள்" என்று பாதசாரிக்குச் சைகை காட்டாதீர்கள். அடுத்த தடத்தில் வருபவரின் சார்பில் உங்களால் உறுதி அளிக்க முடியாது. உங்கள் சைகையை நம்பி இறங்கும் குழந்தை அங்கே மாட்டிக்கொள்ளும். நின்று காத்திருந்தால் போதும், முடிவை அவர் எடுக்கட்டும். கடவையில் நிற்கும் வண்டியை முந்திச் செல்வது பல நாடுகளில் தனிக் குற்றம். சாலையில் நடக்கும் மிக ஆபத்தான செயல்களில் அதுவும் ஒன்று என்பதால் அபராதம் விதிப்பதில் தாட்சண்யம் கூடாது.

கைபேசியோடு வருபவர் குறித்து நீங்கள் சொல்வது நியாயமே. நடப்பவர்கள் ஒவ்வொரு தடத்தின் விளிம்பிலும் ஒரு கணம் நின்று அடுத்த தடத்தை எட்டிப் பார்க்கும் பழக்கத்தைக் கொள்ள வேண்டும்.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு "இருபுறமும் பார்த்துக் கட" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தனியே அனுப்பலாமா?

பதில்: பரபரப்பான சாலையில், சிக்னலோ காவலரோ இல்லாத இடத்தில், வேண்டாம். பார்ப்பது வேறு, வண்டி வந்து சேரும் நேரத்தைக் கணிப்பது வேறு. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நெருங்கி வரும் வண்டியின் நெருக்கத்தை அவர்களால் நம்பகமாக உணர முடிவதில்லை என்று 2011இல் தெரிவித்தார்கள். வேகமாக வரும் வண்டியே அவர்கள் கண்ணுக்கு நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றலாம். இது கவனக் குறைவால் வருவதன்று, திட்டித் திருத்தக்கூடியதும் அன்று. பார்வைத் திறன் அந்த வயதில் இன்னும் முழுமையாக வளரவில்லை.

கேள்வி: எங்கள் தெருவினர் சேர்ந்து கடவை கேட்டு மனு எழுதப் போகிறோம். "ஆபத்தான சாலை" என்று எழுதினால் போதுமா? அதிகாரிகள் எதைப் பார்ப்பார்கள்?

பதில்: எண்களைப் பார்ப்பார்கள். பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் கடப்பவர்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குவார்கள். மிகப் பரபரப்பான நான்கு மணி நேரங்களின் சராசரி பத்துக் கோடியைத் தாண்டினால் கடவை தேவை என்று கொள்வார்கள். மீடியன் உள்ள சாலைக்கு இருபது கோடி. மணிக்கு 200 பேர் கடந்து, 800 வண்டிகள் ஓடினால் 12 கோடியே 80 லட்சம் வரும். மீடியன் இல்லாத சாலையில் இந்த எண்ணே உங்களுக்காகப் பேசும்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சாலை எவ்வளவுக்கு எவ்வளவு அச்சமூட்டுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு கடக்கத் துணிபவர்கள் குறைவார்கள். எனவே மிக மோசமான சாலையே தேர்வில் தோற்றுப்போகும். பிரிட்டனில் 1990களிலேயே இந்த எண்ணை மட்டும் நம்பாமல், முதியோர், குழந்தைகள், காத்திருக்கும் நேரம், அருகில் உள்ள பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடும் முறைக்கு மாறினார்கள். ஆகவே கடந்தவர்களை எண்ணுவதோடு, ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களையும், ஒவ்வொருவரும் எத்தனை நொடிகள் காத்திருந்தார்கள் என்பதையும், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் நாள், நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேகத்தைவிட, நூற்றில் எண்பத்தைந்து வண்டிகள் எந்த வேகத்துக்குள் ஓடுகின்றன என்பதே பொறியாளர்களுக்குத் தேவை. அதை அளக்கும்படி அவர்களையே கேளுங்கள்.

கடவை எங்கே வேண்டும் என்பதை வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் முழுவதும், மக்கள் உண்மையில் எங்கே கடக்கிறார்கள் என்று பார்த்து ஒவ்வொருவரின் வழியையும் தாளில் கோடாக வரையுங்கள். கோடுகள் அடர்ந்து சேரும் இடமே கடவைக்கு உரிய இடம். நூறு மீட்டர் தள்ளி வசதியாகப் போட்டுக் கொடுத்தால் அது காலியாகவே கிடக்கும். பேருந்து நிறுத்தம் கடவைக்கு முன்னால் இருந்தால், நிற்கும் பேருந்து கடப்பவர்களை மறைக்கும். நிறுத்தத்தைக் கடவைக்கு அப்பால் நகர்த்தினால், இறங்கியவர்கள் பேருந்தின் பின்பக்கமாகக் கடப்பார்கள். கடவையை ஒட்டி வண்டிகள் நிறுத்தப்படுவதையும் தடை செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் கடவைக்கு 20 அடிக்குள் வண்டி நிறுத்துவதற்கு 2025 முதல் அபராதம் விதிக்கிறார்கள். வெறும் பலகையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தோன்றினால், அந்த இடத்தில் குட்டைத் தூண்கள் நடவோ நடைபாதையை நீட்டவோ சொல்லிக் கேளுங்கள்.

மனுவில் இன்னொரு பத்தியையும் சேர்த்துவிடுங்கள்: கோட்டை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், எரியாத விளக்கை எத்தனை நாட்களுக்குள் மாற்றுவார்கள், யாரிடம் முறையிட வேண்டும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கடவை வந்த ஆறு மாதங்களுக்குப் பிறகு, முதலில் எண்ணிய அதே கிழமையில், அதே மணி நேரங்களில் மீண்டும் எண்ணி, கடவையில் நிறுத்திய வண்டிகள் நூற்றுக்கு எத்தனை என்பதையும் சேர்த்து அதே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சிக்னலோ திட்டோ கேட்டு எழுதும் இரண்டாவது மனுவுக்கு அந்தத் தாள்தான் முதல் இணைப்பு.